பாமினி கோப்புகளை மொத்தமா யூனிகோடுக்கு மாத்துற ஆப்: பாதியில தொங்குது, எழுத்தும் உடையுது

செங்கோட்டை_டிடிபி:
வணக்கம். செங்கோட்டையில டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம்னு பழைய வேர்ட் கோப்பு ஹார்ட் டிஸ்க் பூராவும் கிடக்கு. முக்கால்வாசி பாமினி, அதாவது ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை வச்ச பழைய எழுத்துரு. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து ஆளுங்களும் வர்றதால ஒரே நோட்டீஸ்ல மேல தமிழ், கீழ மலையாளம்னு இருக்கும். இப்ப எல்லாரும் "வாட்ஸ்அப்ல எழுத்தாவே அனுப்பிருங்க"ங்காங்க. பாமினியை அப்படியே ஒட்டினா 'தமிழ்'ங்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு போய் நிக்குது.

ஒரு போல்டரைக் காட்டினா உள்ள இருக்கிற எல்லாத்தையும் மாத்தித் தர்ற மாதிரி பைத்தான்லயும், ஜன்னல் வரையற அதோட டிகின்டர்லயும் ஒரு சின்ன ஆப் எழுதிட்டிருக்கேன். கவுண்டர் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7, அதனால பைத்தான் 3.8. பழைய டாக் கோப்பை லிப்ரே ஆபீஸ் வழியா டாக்எக்ஸ் ஆக்கிட்டு, உள்ள இருக்கிற எழுத்தை மாத்துறேன்.

'மாற்று' பட்டனை அழுத்தினதும் ஜன்னல் வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்'னு வருது. உள்ள வேலை நடக்கா, செத்துப்போச்சான்னே தெரியல. மாறி வந்த கோப்புல 'செங்கோட்டை' சில இடத்துல சரியா இருக்கு, சில இடத்துல ஒத்தைக் கொம்பு மட்டும் புள்ளி வட்டத்தோட தனியா நிக்கி. ஜிமெயில் முகவரி எல்லாம் 'பஅயடை.உழஅ'ன்னு ஆயிருச்சு! கடைப் பையனும் இதைப் பயன்படுத்தணும், திரையில என்னென்ன வைக்கலாம்னும் சொல்லுங்க.

கம்பம்_கூடலூர்:
தொங்குறதுக்குக் காரணம் ஒண்ணுதான் அண்ணாச்சி. பட்டன் கூப்பிடுற பங்ஷனுக்குள்ளேயே மாத்துற லூப்பை வச்சிருப்பீங்க. ஜன்னலை வரையறதும் அதே திரெட்தான் (புரோகிராம் ஓடுற இழை), அது லூப்பு முடியற வரைக்கும் திரும்பாது. மாத்துற வேலையைத் தனித் திரெட்ல விடுங்க. ஆனா அந்தத் திரெட்லேர்ந்து நேரா லேபிளையோ புரோகிரஸ் பாரையோ தொடாதீங்க. சில நேரம் ஓடும், சில நேரம் காரணமே சொல்லாம கவுத்துரும். ஒவ்வொரு கோப்பு முடிஞ்சதும் ஒரு க்யூவுல (வரிசையில) சேதி போடட்டும். ஜன்னல் பக்கம் டிகின்டரோட 'ஆஃப்டர்' வச்சு 100 மில்லி செகண்டுக்கு ஒருக்கா க்யூவை எட்டிப் பார்த்தா போதும்.

இன்னொண்ணு, ஆப் ஓடுறப்ப யாராவது லிப்ரே ஆபீஸைத் திறந்து வச்சிருந்தா பின்னணி மாற்றம் சத்தமில்லாம நடக்காமப் போயிரும். ஆப்புக்குன்னு தனி யூசர் புரொபைல் போல்டர் கொடுத்துருங்க.

கொழிஞ்சாம்பாறை:
எழுத்து விஷயத்துக்கு வர்றேன். நீங்க பாரா மொத்தத்தையும் எடுத்து மாத்துறீங்க போல, அதான் ஜிமெயில் பலியாகுது. டாக்எக்ஸ்ல ஒவ்வொரு பாராவும் 'ரன்'னு துண்டு துண்டா இருக்கும், ஒவ்வொரு ரன்னுக்கும் எழுத்துரு பேர் உண்டு. பாமினின்னு இருக்கிற ரன்னை மட்டும் மாத்துங்க, டைம்ஸ் நியூ ரோமனைத் தொடாதீங்க. பேரு காலியா வந்தா அந்தப் பாராவோட ஸ்டைல்ல போய்ப் பாருங்க, அங்க பாமினி ஒளிஞ்சிருக்கும்.

கொம்பு தனியா நிக்கிறதுக்கும் ரன்தான் காரணமா இருக்கும். பாமினியில கொம்பு முதல்ல, மெய் அப்புறம், யூனிகோடுல தலைகீழ். நடுவுல யாரோ ஒருக்கா திருத்தியிருந்தா வேர்ட் ஒரே சொல்லை ரெண்டு ரன்னா உடைச்சு வச்சிரும். கொம்பு ஒரு ரன்னோட கடைசியில, 'ச' அடுத்த ரன்னோட ஆரம்பத்துல. தனித்தனியா மாத்தினா எப்படி இடம் மாறும்? பக்கத்துப் பக்கத்துல ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே தடிமன்ல இருக்கிற ரன்களை முதல்ல ஒண்ணாச் சேர்த்துட்டு அப்புறம் மாத்துங்க. உங்க ஊர்ப் பேரே நல்ல சோதனை: செ, கோ, டை, மூணு வகையும் அதுலயே இருக்கு.

மாத்தினதும் எழுத்துருவையும் யூனிகோடு எழுத்துருவான லதாவா மாத்தணும். நிர்மலா விண்டோஸ் 8லதான் வந்தது, உங்க கவுண்டர் கம்ப்யூட்டர்ல இருக்காது. வேர்ட் தமிழைக் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' கணக்குல வைக்கிறதால எழுத்துரு பேரையும் அளவையும் அந்தப் பண்புலயும் எழுதணும். இல்லேன்னா தலைப்பெல்லாம் சின்னதாயிரும்.

புனலூர்க்காரன்:
மலையாளப் பகுதி அநேகமா எம்எல்-டிடி கார்த்திகா, ரேவதிங்கிற எழுத்துருவாத்தான் இருக்கும். எந்த விசைக்கு எந்த எழுத்துங்கிற அட்டவணையே அதுக்கு வேற. முதல் பதிப்புல அதைத் தொடாம விட்டுருங்க, "இந்தக் கோப்புல மலையாளம் இருக்கு"ன்னு பட்டியல்ல மட்டும் காட்டினா போதும்.

திரையில பட்டன் கூட்டாதீங்க. உள்ளே போல்டர், வெளியே போல்டர், மாற்று, நிறுத்து, அவ்வளவுதான். செட்டிங்ஸ்னு ஒரு பக்கம் வச்சா கடைப் பையன் முதல் நாளே அதைத்தான் நோண்டுவான். மூலக் கோப்பு மேல எழுதுறதுக்கு ஆப்ல வழியே இருக்கக் கூடாது. ஒரு கோப்பு கெட்டுப்போயிருந்தா மத்ததும் சேர்ந்து நிக்காம, அதைச் சிவப்புல காட்டிட்டு அடுத்ததுக்குப் போகணும். வேர்ட் விட்டுட்டுப் போற அலைக்குறி, டாலர் வச்ச தற்காலிகக் கோப்புகளைத் தள்ளிருங்க. எந்தக் கோப்பு என்னாச்சுன்னு ஆப் குறிச்சு வைக்கிற பதிவுக் கோப்பைத் திறக்கிறப்ப யூடிஎஃப்-8னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லலேன்னா தமிழ்ப் பேர் வச்ச முதல் கோப்புலயே நின்னுரும்.

தேனிப்பக்கம்:
இணையத்துல மாத்தித் தர்ற பக்கமே இருக்கே, எதுக்கு இவ்வளவு பாடு?

கொழிஞ்சாம்பாறை:
ரெண்டு வரின்னா சரி. இங்க கட்டம், தடிமன், நடுவரிசை எல்லாம் போயிரும். அதோட ஒப்பந்தத்துல அடுத்தவங்க ஆதார் நம்பர் இருக்கும், அதை எங்கயோ போய் ஒட்டுறது சரியில்ல.

செங்கோட்டை_டிடிபி:
திரெட், க்யூ ரெண்டும் போட்டாச்சு, ஜன்னல் இப்ப அசையுது. ரன் சேர்த்ததுல கொம்பும் சரியாச்சு, ஜிமெயிலும் பிழைச்சது. ஆனா கொடை நோட்டீஸ்ல எல்லா 'வெள்ளி'யும் 'வௌ்ளி'ன்னு வருது. புரோகிராம்ல ஔகாரத்தை மாத்துற வரியை எடுத்தா வெள்ளி சரியாகுது, 'பௌர்ணமி' 'பெளர்ணமி' ஆயிருது.

கொழிஞ்சாம்பாறை:
பாமினியில ஔகாரத்தோட கடைசித் துண்டும் 'ள'வும் ஒரே விசை. அதனால அடுத்து என்ன வருதுன்னு பார்க்கணும். 'ள'வுக்குப் பின்னால புள்ளியோ, இகரமோ, துணைக்காலோ வந்தா அது நிஜமான ள: வெள்ளி, வெளியீடு, தெளிவு. இல்லேன்னா ஔகாரம். ஆனா இதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. பழைய ஆளுங்க 'ர்' அடிக்க காலைப் போட்டுப் புள்ளி வைப்பாங்க, பார்க்க ஒண்ணு போலத்தான் தெரியும். அப்படி அடிச்ச பௌர்ணமியில 'ள'வுக்குப் பின்னால கால் வருதுன்னு உங்க விதி ஏமாந்துரும். கால்+புள்ளியை முதல்ல 'ர்' ஆக்குங்க, அப்புறம் ஔகாரம், அப்புறம் ஒகர ஓகாரம், கடைசியில தனிக்கொம்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

செங்கோட்டை_டிடிபி:
வரிசையை மாத்தினதும் வெள்ளி, பௌர்ணமி ரெண்டும் ஒரே நோட்டீஸ்ல சரியா வந்திருச்சு. ரொம்ப நன்றி. பேஜ்மேக்கர் கோப்பும் கொஞ்சம் இருக்கு, அதையும் இதுலயே சேர்க்கலாமா?

கம்பம்_கூடலூர்:
வேண்டாம் அண்ணாச்சி. அதைப் பேஜ்மேக்கர்லயே திறந்து எழுத்தை வெளிய எடுக்கணும், அது தனி வேலை. இதை முதல்ல பையன் கையில கொடுங்க. இஎக்ஸ்இ ஆக்குறப்ப ஒத்தைக் கோப்பா கட்டாம போல்டரா கட்டுங்க. ஒத்தைக் கோப்பு ஒவ்வொரு தடவையும் தன்னையே பிரிச்சுட்டுத் திறக்கும், பழைய மெஷின்ல லேட்டாகும்.

செங்கோட்டை_டிடிபி:
சரி, போல்டராவே கட்டிருதேன்.