மறு: ‘நோயாளர் பங்கேற்பு’ என்ற சொல் போதுமா?

> புற்றுநோய்ச் சேவைகளைத் திட்டமிடும்போது நோயாளிகளையும் சேர்த்துக்கொள்வதை ‘நோயாளர் பங்கேற்பு’ என்றே எழுதிவிடலாமே?

ஐயா, வணக்கம்.

‘பங்கேற்பு’ எனக்கு ஒட்டவில்லை. கல்யாணத்தில் பங்கேற்கிறோம், பந்தியில் என்ன போடுவது என்பதை வேறு யாரோ முடிவுசெய்திருப்பார்கள். ‘கருத்துக்கேட்பு’ இன்னும் மோசம். தொழிற்சாலைகள் சூழ்ந்த எண்ணூரிலும் மணலியிலும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். மேடை போட்டுக் கேட்பார்கள், அப்புறம் நினைத்ததைச் செய்வார்கள் என்பதுதான் இங்கே அதற்குப் பொருள்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. அதிகாரத்தைப் பகிர்ந்து சேர்ந்து முடிவெடுப்பது ஆறாம் படியில்தான் வருகிறது. நாம் சொல் தேடுவது அந்த ஆறாம் படிக்கு.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்து கதிர்வீச்சுக்கு எழுதிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்போம். வாரம் ஐந்து நாள், வாரக்கணக்கில் போகவேண்டும். அவருக்குக் கிடைத்தது காலை எட்டு மணி. விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்தவர் கூடையோடு தெருவில் நிற்கவேண்டிய நேரம் அது. முதலில் வியாபாரம் போனது, பிறகு கடன், நான்காம் வாரம் மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மதியம் இரண்டு மணி என்றிருந்தால் ஒருநாள்கூடத் தவறியிருக்க மாட்டார். டாக்டரும் நர்சும் அன்பானவர்கள்தான். ஆனால் நேரம் குறித்தபோது அந்த மேசையில் அவரைப்போல ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த மேசையில் உட்காரும் உரிமைக்குத்தான் பெயர் வேண்டும். என் பரிந்துரை: உடன்வகுத்தல். திட்டம் வகுக்கிறோம், விதி வகுக்கிறோம். முடிவெடுக்கும் அதிகாரம் அந்த வினையிலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாடு வெளியிட்ட 1978 அல்மா-ஆட்டா அறிக்கையும் மருத்துவப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலேயே மக்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு என்றது.

‘நோயாளர்’ என்பதற்குப் பதில் ‘உற்றவர்’ என்று போடவும் ஆசைதான். 950ஆம் குறள் மருந்துக்கு நான்கு கூறு சொல்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயுற்றவர்தான் முதலில் நிற்கிறார், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் இடம் உண்டு. ஆனால் இன்று ‘உற்றவர்’ என்றால் சொந்தக்காரர் என்றே காதில் விழும். மனமில்லாமல் விடுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து

---

> வகுத்தல் என்றால் பிள்ளைகளுக்குக் கணக்குதானே நினைவுக்கு வரும்? ‘கூட்டு வடிவமைப்பு’ என்றால் எளிதாக இருக்குமே.

அம்மா, கணக்குக் குழப்பம் ‘உடன்’ சேர்ந்ததும் பெரும்பாலும் போய்விடும் என்று நினைக்கிறேன். ‘வடிவமைப்பு’ கட்டடத்துக்கும் சுவரொட்டிக்கும் பொருந்தும். டோக்கன் எத்தனை மணிக்குக் கொடுப்பது, கீமோ ஏறும்வரை கூட வந்தவர் எங்கே உட்காருவது என்பதையெல்லாம் அந்தச் சொல்லில் அடக்க முடியவில்லை. ‘கூட்டு’ என்றால் டாக்டரும் பொறியாளரும் கூடினாலே போதும் என்றாகிவிடுகிறது.

நேற்று அக்காவிடமே கேட்டேன். இப்போது வேறு இடத்தில் சிகிச்சையைத் தொடர்கிறார். நான் விளக்கி முடித்ததும், “எங்களையும் வச்சு முடிவு பண்றதா? அதைச் சொல்லேன்” என்றார்.

சரி, இப்படிச் செய்வோம். கட்டுரையிலும் அகராதியிலும் ‘நோயாளர் உடன்வகுத்தல்’. வார்டு சுவரில் ஒட்டும் அறிவிப்பில் ‘உங்களையும் வைத்து முடிவெடுப்போம்’. அந்த மேசையில் உட்காரும் நோயாளிக்கு ‘உடன்வகுப்பாளர்’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. இதைவிடச் சின்னதாக ஒரு சொல் தோன்றினால் வெள்ளிக்குள் எழுதுங்கள். ஞாயிறன்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன்.