எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர்: பட்டறிந்ததைப் பகிருங்கள்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5:

வணக்கம் நண்பர்களே. என் காரில் 1.6 லிட்டர் எஞ்சின், பவர் ஸ்டீயரிங் கிடையாது, எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. புதிதாக வந்தபோது இதற்கு 185/60 ஆர்14 டயர் (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம்). இதுவரை ஐந்து செட் மாற்றிவிட்டேன். அதில் ஒரு செட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிடிப்பு அதிகம் வேண்டும் என்ற ஒரே நினைப்பில் 15 அங்குல ரிம்முக்கு மாறி, 205/50 அளவில் செமி ஸ்லிக் (பந்தய டயர் போல ஒட்டும் ரப்பரும் குறைந்த பள்ளமும் உள்ள டயர்) வாங்கினேன். டிராக்கில் கனமான கார்கள் அந்த டயரில் பறப்பதைப் பார்த்திருந்தேன். முதல் நாள் அதிகாலை, குளிர், மலைப்பாதை. மூன்றாவது வளைவிலேயே முன்பக்கம் திரும்பாமல் நேராக வழுக்கியது. பழைய டயரில் வழக்கமாகப் போகும் வேகம்தான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கித் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கைக்குச் சூடே தெரியவில்லை.

டயர் சூடாவது எதனால்? சுமையில் நசுங்கி நசுங்கி நிமிர்வதாலும், சாலையோடு உரசுவதாலும். என் டயரின் பக்கத்தில் 89 என்று சுமை எண் போட்டிருந்தது. ஒரு டயர் 580 கிலோ தாங்கும் என்று அர்த்தம். என் காரில் ஒரு சக்கரத்தின் மேல் இருப்பதே சுமார் 250 கிலோதான். பக்கச்சுவர் இரும்பு மாதிரி நிற்கிறது, நசுங்கவே இல்லை. பிறகு எப்படிச் சூடாகும்? செமி ஸ்லிக் ரப்பர் சூடானால்தான் ஒட்டும், குளிர்ந்து கிடந்தால் சாதாரண டயரைவிட மோசம்.

அத்தோடு டயர் போட்ட இடத்தில் எல்லாக் காருக்கும் வைப்பதுபோல் 35 பிஎஸ்ஐ காற்று அடித்துவிட்டார்கள். என் காரின் கதவோரத் தகட்டில் 26 என்றுதான் இருக்கிறது! நானும் அன்று பார்க்கவில்லை. 26-க்கு இறக்கியதும் கொஞ்சம் தேறியது. ஆனாலும் ஸ்டீயரிங் கனத்துவிட்டது, சாலையில் பள்ளம் போன தடத்தில் கார் தானாக இழுத்தது. விட்டம் வேறு 578 மில்லிமீட்டரிலிருந்து 586 ஆனதால் கியர் சற்று நீண்டுபோனது. சின்ன எஞ்சினில் அதுவும் உறுத்துகிறது.

நான்கு மாதத்தில் கழற்றிவிட்டு, அதே ரிம்மில் 195/50 ஆர்15 அளவில் சாதாரண கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போட்டேன். விட்டம் 576, பழைய அளவுக்கு மிக அருகில். பிடிப்பின் உச்சம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் விடுவதற்கு முன் சொல்லிவிட்டு விடுகிறது. மெல்ல முனகுகிறது, ஸ்டீயரிங் லேசாகிறது, அப்புறம்தான் நழுவுகிறது. எடை குறைந்த காரை நாம் நேசிப்பதே இந்தப் பேச்சுக்காகத்தானே. உங்களுக்கு எப்படி?

லோட்டஸ் எலீஸ், இரண்டாம் தலைமுறை:

நண்பரே, அந்தக் குளிர்ந்த டயர் அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் என் காரில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். முன்னால் 175/55 ஆர்16, பின்னால் 225/45 ஆர்17. எஞ்சின் நடுவில், எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்கள் மேல். அதனால் முன்டயர் பாதி தேய்வதற்குள் பின்டயர் முடிந்துவிடும். அந்த 175 அளவில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் செய்பவர்களும் குறைவு.

ஒருமுறை பின்டயர் தீர்ந்த நேரத்தில் அதே மாடல் கிடைக்கவில்லை. அளவு சரியாக இருக்கிறதே என்று வேறு ஒரு அமைதியான டயரைப் பின்னால் மட்டும் போட்டேன். முன்னால் ஒட்டும் டயர், பின்னால் ஒட்டாத டயர். காய்ந்த சாலையில் எதுவும் தெரியவில்லை. முதல் மழையில், ஒரு ரவுண்டானாவில், முன்பக்கம் நான் கேட்டபடி கடித்துக்கொண்டது, பின்பக்கம் சொல்லாமல் வெளியே போய்விட்டது. பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், இன்னும் மோசமானது. முழுச் சுற்று சுற்றி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. கை நடுங்கியது நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

யோகோஹாமா, அட்வான் நியோவா ஏடி07 டயரை லோட்டஸுக்கென்றே தனிக் கலவையில் செய்து எல்டிஎஸ் என்று குறித்துத் தந்ததற்குக் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த எடைக்கு, இந்த முன்பின் விகிதத்துக்கு என்று யாரோ உட்கார்ந்து சமன்படுத்தியிருக்கிறார்கள். இப்போது நான்கையும் ஒரே மாடலில், ஒரே நாளில்தான் மாற்றுகிறேன். முன்டயரில் மிச்சம் இருந்தாலும் சரி.

மழை பற்றி ஒன்று. அகலமான டயர், குறைந்த காற்றழுத்தம், ஆழமில்லாத ட்ரெட் (சாலையைத் தொடும் வரிப்பள்ளமுள்ள பகுதி), இந்த மூன்றும் சேர்ந்தால் தேங்கிய தண்ணீரில் கார் சீக்கிரமே மிதந்துவிடும். மழையிலும் ஓட்டுபவர்கள் தயவுசெய்து செமி ஸ்லிக் பக்கம் போகாதீர்கள்.

டொயோட்டா 86:

என் கார் உங்கள் அளவுக்கு லேசு இல்லை, 1,200 கிலோவுக்குச் சற்று மேல். கூடவே வந்த டயர் 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி எச்பி. எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காரிலும் போடப்பட்ட டயர் என்று பலர் குறை சொல்வார்கள். குறைந்த வேகத்திலேயே கார் விளையாடட்டும் என்று வேண்டுமென்றே கொடுத்ததுதான் அது. நானும் மிஷலினின் ஸ்போர்ட்ஸ் டயரான பைலட் ஸ்போர்ட் 4-க்கு மாறினேன். பிரேக் தூரம் குறைந்தது, மழையில் நிம்மதி. ஆனால் முன்பு 60-ல் கிடைத்த அந்த நழுவலுக்கு இப்போது அபாயமான வேகம் வேண்டியிருக்கிறது. பொதுச் சாலையில் அது சரியில்லை. என்னைப் பொறுத்தவரை பிரேக்குக்காக இந்த மாற்றம் நல்லது, சந்தோஷத்துக்காக இல்லை.

எம்எக்ஸ்-5, நான்காம் தலைமுறை, ஆட்டோகிராஸ் ஓட்டுபவர்:

அண்ணா, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒட்டும் டயர் எல்லாமே லேசான காருக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்று பார்க்க வேண்டும். ஆட்டோகிராஸில், அதாவது கூம்புகளுக்கிடையே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டியில், ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான். சூடேற்ற நேரமே கிடையாது. பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர் அங்கே அவ்வளவு பேர் வாங்கியதற்குக் காரணம் முதல் வளைவிலிருந்தே பிடித்ததுதான். கனமான காரில் நீண்ட நேரம் ஓட்டினால் சூடு மிஞ்சிவிடும். நம் காரில் அந்தக் கவலை குறைவு.

பக்கச்சுவரில் ட்ரெட்வேர் (தேய்மானத்தைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்) 200 என்று பார்த்ததும் இரண்டு டயரும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணைக் கொடுப்பது டயர் தயாரிப்பாளர்தான். அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற கார் பந்தயச் சங்கம் நடத்தும் ஆட்டோகிராஸில் ஸ்ட்ரீட் பிரிவுக்குக் குறைந்தது 200 வேண்டும் என்று விதி இருப்பதால், பந்தயத்துக்கென்றே செய்த டயர்களும் அந்த எண்ணோடு வருகின்றன.

ஓட்டி முடித்த உடனே ட்ரெட்டின் உள்ஓரம், நடு, வெளிஓரம் மூன்றிலும் வெப்பம் அளந்து எழுதி வையுங்கள். ரப்பருக்குள் குத்தும் ஊசி வைத்த வெப்பமானி இருந்தால் சரியாக வரும். நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். வெளிஓரம் கொதித்தால் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) போதவில்லை. எனக்கு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) மாற்றியதில் கிடைத்த பலன், விலை கூடிய டயர் மாற்றியதில் கிடைத்ததைவிட அதிகம்.

மீண்டும் எலீஸ்:

வாங்கும்போது தேதியையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அபூர்வ அளவு என்பதால் கிடங்கில் ஆறு வருடம் கிடந்த டயரை எனக்குப் புதிது என்று விற்றார்கள். ட்ரெட் முழுசாக இருந்தது, ரப்பர் கட்டை.

மீண்டும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5:

எலீஸ் நண்பரே, நல்லபடியாக நின்றதே பெரிய நிம்மதி. நான் தேதியே பார்த்ததில்லை. இதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன், இப்போது இருக்கும் செட் இரண்டு வருடம்தான் ஆகிறது.

தம்பி, நீங்கள் சொன்ன வெப்பக் கணக்கை இதுவரை நான் எடுத்ததில்லை. மானி ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை 26-ல் ஒரு சுற்று, 24-ல் ஒரு சுற்று, அதே பாதையில். மூன்று இடத்திலும் எவ்வளவு வந்தது என்று அன்று மாலையே இங்கே எழுதுகிறேன்.