லெவல் 4: எந்த இடத்தில் தடுக்குகிறது?

காற்றுப்பை:
விமானிகளுக்கான ஆங்கிலத் திறன் தேர்வான ஈ.எல்.பி.யில் (தேற லெவல் 4 வேண்டும்) 3 வாங்கிய ஒரு பையன் விஷயம் இன்னும் உறுத்துகிறது. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். தேர்வு முடித்தவன், கன்ட்ரோலர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ரீட்பேக் எல்லாம் மடமடவென்று வரும். தேர்வில் ஒரு படம்: முன்சக்கரம் மடங்கி, மூக்கு ஓடுபாதையில் உரசி நிற்கும் சின்ன விமானம். 'நோஸ் கியர் கொலாப்ஸ்' நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. அதைத் தேடிக்கொண்டே வாயடைத்து உட்கார்ந்துவிட்டான். "ஃப்ரன்ட் வீல் இஸ் ஃபோல்டட், நோஸ் இஸ் டச்சிங் த ரன்வே" என்றாலே போதும். சொல் தெரியாதபோது சுற்றி வளைத்தாவது சொல்ல வருகிறதா என்பதையும் லெவல் 4 பார்க்கிறது. உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு. எது குறைவோ அதுதான் முடிவு, சராசரி கிடையாது. மற்ற ஐந்திலும் அவனுக்குத் தேறும் மதிப்பெண்தான், சரளத்தில் 3.

ஃபைனல்அப்ரோச்:
என்ன சொன்னாலும் நம்ம பிள்ளைகளுக்குப் பிரச்சினை உச்சரிப்புதான். "ஹெடிங் ஒன் ஃபைவ் சீரோ" (செல்லும் திசை 150) என்று ஒரு மாணவி சொன்னதை டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) "ஒன் நைன் சீரோ" என்று எடுத்துக்கொண்டது. மூன்று தடவை மாறி மாறிக் கேட்டு, அதற்குள் இன்னொரு விமானத்தின் அழைப்பு குறுக்கே விழுந்தது. ஆக்சென்ட் வகுப்பு இல்லாமல் தேர்வுக்கு அனுப்பவே கூடாது.

ஹோல்டிங்பாயின்ட்:
@ஃபைனல்அப்ரோச் உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. அந்தக் குழப்பத்துக்காகத்தான் 5-ஐ 'ஃபைஃப்', 9-ஐ 'நைனர்' என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். ஆக்சென்ட் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். தாய்மொழிச் சாயல் உச்சமான லெவல் 6-லேயே அனுமதி. கேட்பவருக்குப் புரியாமல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறு. தனியாகப் பறக்கத் தொடங்கியிருந்த ஒரு பையனுக்கு "ஹோல்ட் ஷார்ட் ரன்வே" (ஓடுபாதைக்கு முன்பே நில்) என்றது டவர். "ராஜர்" என்றான். மறுபடி அதே உத்தரவு, மறுபடி "ராஜர்". விமானம் நிற்க வேண்டிய கோட்டை நோக்கி உருண்டுகொண்டே இருந்தது. ராஜர் என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான். ஹோல்ட் ஷார்ட்டை கால்சைனோடு (விமானத்தின் அழைப்புப் பெயர்) அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

பழையலாக்புக்:
ஹோல்ட் ஷார்ட் மட்டுமா? ரன்வேயில் நுழைவது, கடப்பது, இறங்குவது, கிளம்புவது, கியூ.என்.எச். (உயரமானிக்கு வைக்கும் காற்றழுத்த அளவு), ஸ்குவாக் (ரேடாருக்கான குறியெண்), பறக்கும் உயரம், ஹெடிங், வேகம் எல்லாமே ரீட்பேக்தான். ஒரு மாணவர் கியூ.என்.எச்.சை மட்டும் எப்போதும் விழுங்கிவிடுவார், கன்ட்ரோலர் தினமும் கேட்டு வாங்குவார். கதை அவ்வளவுதான். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்:

பேசுவதற்கு அழுத்தும் பொத்தானான பி.டி.டி.யை அழுத்தியதும் பேசாதீர்கள், ஒரு கணம் விடுங்கள். இல்லாவிட்டால் கால்சைனின் முதல் எழுத்து வெட்டுப்படும். மைக் உதட்டை ஒட்டினாற்போல் இருக்கட்டும். நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பரிந்துரை. வேகமாகப் பேசுவது திறமை என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தந்தார்களோ. கேட்கக் கேட்க தொடையில் கட்டும் குறிப்புப் பலகையில் (நீபோர்டு) குறித்துவிடுங்கள். பாதிதான் காதில் விழுந்தால் "சே அகெய்ன் ஆல் ஆஃப்டர்..." என்று விட்ட இடத்தைக் கேளுங்கள், ஊகிக்காதீர்கள். ஓடுபாதையிலிருந்து கிளம்பும் அனுமதியை (கிளியரன்ஸ்) சொல்லும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர 'டேக்ஆஃப்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, 'டிபார்ச்சர்'தான். 1977-ல் தெனெரீஃப்பேயில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த பிறகு இறுகிய பழக்கம் அது. 1989-ல் கோலாலம்பூர் அருகே ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கச் சொல்லி "டூ ஃபோர் சீரோ சீரோ" என்றார்கள். விமானிகள் முதல் 'டூ'வை எண்ணாக எடுக்காமல் 400 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். ரீட்பேக்கிலும் "ஃபோர் சீரோ சீரோ"தான் வந்தது, யாரும் திருத்தவில்லை. நால்வரும் இறந்தார்கள்.

இந்தத் தேர்வே நம் நாட்டு விபத்தோடு ஒட்டியது. 1996 நவம்பர் 12, டெல்லி அருகே சர்க்கி தாத்ரி, இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றான கசாக் விமானத்தில் கன்ட்ரோலரோடு பேசியவர் விமானி அல்ல, ரேடியோ ஆபரேட்டர். 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் அதற்கும் கீழே போனது. ஆங்கிலத் திறன் பற்றி 1998-ல் ஐகாவோ தீர்மானம், 2008 மார்ச் 5 முதல் விதி.

காற்றுப்பை:
நன்றி ஐயா, ஆனால் பையனுக்கு ரீட்பேக் குறையில்லை. இப்போது தினம் ஒரு விபத்துப் படத்தை எடுத்து, கலைச்சொல் எதுவும் வராமல் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்கிறான். எங்கே மௌனம் விழுகிறது என்று அவனே கேட்டுக் குறிக்கிறான். அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களும் கவனியுங்கள்: அங்கே ஸ்டூடன்ட் பைலட் சான்றிதழுக்கே ஆங்கிலம் படிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும், சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) வரை தள்ளிப்போட முடியாது.