கர்ப்பிணிகளுக்கான போதை மீட்பு: அரசு நிதியைப் பிரசவத்தோடு நிறுத்தலாமா?

கேள்வி:
வணக்கம். போதைப் பழக்கமுள்ள கர்ப்பிணிகளுக்காக அரசு நிதியில் ஒரு சிகிச்சைத் திட்டத்தை வகுக்கும் குழுவில் இருக்கிறேன். பொது மீட்பு மையங்கள் இருக்கையில் தனித் திட்டம் எதற்கு என்று சிலரும், பிரசவம் வரை செலவிட்டால் போதாதா என்று வேறு சிலரும் கேட்கின்றனர். இரண்டுக்கும் வலுவான விடை தேவைப்படுகிறது.

மறுமொழி 1 (மகப்பேறு மருத்துவர்):
முதல் கேள்விக்கு மருத்துவமே விடை சொல்கிறது. ஹெராயின், மார்பின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருளுக்கு அடிமையான கர்ப்பிணியிடம் "இன்றோடு விட்டுவிடு" என்பது அக்கறையாகத் தோன்றினாலும், விட்டவர்கள் மீண்டும் அதே பழக்கத்துக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், மாற்று மருந்துகளான மெதடோன் அல்லது புப்ரெனார்பினை மருத்துவக் கண்காணிப்பில் தொடர்வதையே உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. குடிப்பழக்கத்தின் கதை வேறு. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் சேர்த்தே நிறுத்த வேண்டும்.

செலவைக் குறைக்க ஒரே மருந்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புப்ரெனார்பின் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 10 நாட்களும், மெதடோன் எடுத்தவர்களின் குழந்தைகள் 17.5 நாட்களும் மருத்துவமனையில் இருந்தன. ஆனால் சிகிச்சையை இடையில் கைவிட்டவர்கள் முதல் பிரிவில் 33 சதவீதம், இரண்டாம் பிரிவில் 18 சதவீதம். குழந்தைக்கு எளிதானது எல்லாத் தாய்க்கும் ஒத்துவரும் என்று சொல்வதற்கில்லை.

மறுமொழி 2 (சமூகப் பணியாளர்):
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்த ஆய்வொன்றில், ஓபியாய்டு பழக்கமுள்ள தாய்மாரிடையே அளவுமீறிய போதையால் நேரும் ஆபத்து கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவாகவும், பிரசவத்துக்குப் பிந்தைய 7 முதல் 12 மாதங்களில் மிக அதிகமாகவும் இருந்தது. நிதியைப் பிரசவத்தோடு நிறுத்துவது, ஆபத்து ஏறும் நேரத்தில் கையை விடுவதாகும். அந்நாட்டில் குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் கர்ப்பகாலக் காப்பீடு பிரசவத்துக்குப் பின் 60 நாட்களோடு முடிந்துகொண்டிருந்தது. 12 மாதங்கள் வரை நீட்டிக்க மாநிலங்களுக்கு 2021ஆம் ஆண்டின் சட்டம் வழிவிட்டது.

இன்னொன்று, முதல் நேர்காணலுக்கு இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரும் பெண் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. நான் எழுதும் பதிவேடு யார் கைக்குப் போகும் என்றே கேட்பாள். குழந்தையோடு தங்க இடம், பகல்நேரப் பராமரிப்பு, வந்துபோக வாகனம் ஆகியவற்றை உதிரிச் செலவாகக் காட்டாமல் சிகிச்சைச் செலவாகவே எழுதுங்கள். அமெரிக்கக் கூட்டரசு நிதியின் விதிகள் கர்ப்பிணிக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தருகின்றன. இடமில்லையெனில் 48 மணி நேரத்துக்குள் இடைக்காலச் சேவை கிடைக்க வேண்டும் என்கின்றன.

கேட்டவர்:
மிக்க நன்றி. தண்டனை இருந்தால்தான் சிகிச்சைக்கு வருவார்கள் என்று குழுவில் ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

மறுமொழி 3 (வழக்கறிஞர்):
அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அதைச் செய்துபார்த்தது. கர்ப்பகாலத்தில் போதைப்பொருள் பயன்படுத்திய தாய்மீது வழக்குத் தொடுக்க 2014இல் இயற்றிய சட்டத்தை 2016இல் காலாவதியாக விட்டுவிட்டது. பயந்தவர்கள் மீட்பு மையத்தை மட்டுமன்றிக் கர்ப்பகாலப் பரிசோதனையையும் தவிர்ப்பார்கள். காவல்துறைக்காகக் கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களுடைய ஒப்புதலின்றிச் சோதித்த மருத்துவமனை ஒன்றின் நடைமுறை அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்திருப்பதையும் அவரிடம் காட்டுங்கள். எந்தத் தகவல், எந்தச் சூழ்நிலையில், யாருக்குச் செல்லும் என்பதைச் சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டு, கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்ட ஏற்பாடு செய்யுங்கள்.