புதுப்பிப்பு: 30 சென்ட், இரண்டு மாடு, தீவனத் தட்டுப்பாடு

ஆடி மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 30 சென்ட் நிலம், இரண்டு கலப்பினப் பசு, பசுந்தீவனம் போதவில்லை, வைக்கோல் வாங்கியே பால் காசு கரைகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது கோ-5 கம்பு நேப்பியர் என்கிற தீவனப் புல்லின் கரணையை (தண்டுத் துண்டு) நடச் சொன்ன அண்ணனின் யோசனைதான். 20 சென்டில் இரண்டடி பார் பிடித்து நட்டேன். முதல் அறுப்பு 75ஆம் நாள்; அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. தினம் ஒரு துண்டு அறுக்கிற மாதிரி பிரித்துக்கொண்டதால் புல் முற்றுவதில்லை. தொழுவம் கழுவும் தண்ணீரும் அங்கேயே பாய்கிறது. வரப்பில் அகத்தியும், வேலிமசால் என்கிற தீவனச் செடியும்.

எதிர்பாராதது இரண்டு. புல்லை நறுக்காமல் முழுத் தட்டையாகப் போட்டபோது மாடுகள் பாதியை மிதித்து வீணாக்கின. விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டதும் தொட்டி காலி. தீவனத்துக்காகச் சாணி கரைத்த தண்ணீரில் விட்ட அசோலாவும் (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி) நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் சாணி வாடை! இளைய மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று தண்ணீர் அலசி, தவிட்டோடு பிசைந்து வைத்த பிறகுதான் வாய் வைத்தது.

வைக்கோல் இன்னும் வாங்குகிறேன், முன்பு வாங்கியதில் பாதி. சித்திரையில் கிணறு தாங்குமா என்பதுதான் இப்போதைய கவலை.