திரட்டேறாத் தீர்ப்பு: ‘அன்பப்ளிஷ்டு ஒபினியன்’ என்பதற்கு ஒரு சொல்

கோபி அண்ணா, பொள்ளாச்சி அக்கா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிற வழக்குகளில் எடுத்துக் காட்டுவதற்காகத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் தொகுதிகளே தீர்ப்புத் திரட்டுகள். அவற்றில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் ஒதுக்கும் தீர்ப்பு ‘அன்பப்ளிஷ்டு ஒபினியன்’. அதற்கு அண்ணா தந்திருக்கும் ‘வெளியிடப்படாத தீர்ப்பு’ வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் தீர்ப்புகள் வெளியாகத்தான் செய்கின்றன. திரட்டில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எழுத்தில் தந்த தீர்ப்பு ஒவ்வொன்றையும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இணையத்தில் வைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்கே தீர்ப்புத் திரட்டுகளை அச்சிடும் வெஸ்ட் பதிப்பகம் 2001 முதல் 2021 வரை இவற்றுக்கென்றே ‘ஃபெடரல் அப்பெண்டிக்ஸ்’ என்று தனித் தொகுதிகள் போட்டு விற்றது. அச்சாகி அலமாரியில் நிற்பதை வெளியிடப்படாதது என்று தமிழில் எழுதினால் படிப்பவர் எதை நம்புவார்?

அக்காவின் ‘பதிவாகாத் தீர்ப்பு’ இன்னும் ஆபத்தானது. பதியாத பத்திரம் செல்லாது என்று நம் ஊரில் காடு வாங்கி விற்கும் எவருக்கும் தெரியும். அதே கண்ணோடு இந்தச் சொல்லையும் படித்து, தீர்ப்பே செல்லாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் வழக்காடிய இருவரையும் அந்தத் தீர்ப்பு முழுமையாகக் கட்டுப்படுத்தும். அடுத்தவர் வழக்கில் அதற்கு என்ன மதிப்பு என்பது மட்டுமே கேள்வி.

நான் முன்வைப்பது ‘திரட்டேறாத் தீர்ப்பு’. எதிர்ச்சொல் ‘திரட்டேறிய தீர்ப்பு’. தீர்ப்புத் திரட்டு என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் புழங்குகிறது. திரட்டில் இடம்பெற்றதா இல்லையா என்ற செய்தியை மட்டும் இது சொல்லும். வலுவைப் பற்றி வாய் திறக்காது. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் அந்த நாட்டில் கால் நூற்றாண்டாக நடக்கும் சண்டையே இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால் வந்தது.

பொது நெறி சொல்லும் தீர்ப்புகளை மட்டும் அச்சிட்டால் போதும் என்று 1964இல் அங்குள்ள நீதித்துறை மாநாடு பரிந்துரைத்தது. வழக்குகள் பெருகி, தொகுதிகள் அடுக்க இடமில்லாமல் போன காலம் அது. இடத்தை மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாடு, அச்சில் வராததை மேற்கோள் காட்டவே கூடாது என்ற விதியாக வளர்ந்தது. 2000இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் அனஸ்டாசாஃப் வழக்கு வந்தது. வரியைத் திரும்பக் கேட்டு ஒரு பெண்மணி அனுப்பிய கடிதம், மூன்றாண்டுக் கெடு முடிந்து ஒரு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. கெடுவுக்குள் தபாலில் சேர்த்துவிட்டேன் என்பது அவர் வாதம். அதே வாதத்தை அதே நீதிமன்றம் 1992இல் திரட்டேறாத் தீர்ப்பு ஒன்றில் நிராகரித்திருந்தது. அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள் அவர் தரப்பில். நீதிபதி ரிச்சர்ட் அர்னால்ட் மறுத்தார்: தான் சொன்னதில் எது தன்னைக் கட்டும், எது கட்டாது என்று பொறுக்கி எடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. துணிவான தீர்ப்பு. ஆனால் அரசு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட, வழக்கு பொருளற்றுப் போனது என்று அந்த ஆண்டே முழு அமர்வு அதை நீக்கியது. மறு ஆண்டு ஹார்ட் வழக்கில் வேறொரு நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. கடைசியில், 2007 ஜனவரி 1 முதல் வரும் திரட்டேறாத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவதைத் தடுக்கக் கூடாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு விதி 32.1 வந்தது. எவ்வளவு மதிப்புத் தருவது என்பதை அந்த விதி தொடவில்லை. கலிஃபோர்னியா மாநில நீதிமன்றங்களில் மேற்கோள் தடை இன்னும் இருக்கிறது.

நமக்கென்ன என்று கேட்பவர்கள் நொய்யலைப் பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட வழக்குகள் சென்னைக்குப் போகின்றன. ஆறு காவிரியில் கலக்கும் கரூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லையில் இருக்கிறது. சாயக்கழிவைப் பற்றிச் சென்னையில் பிறப்பித்த ஓர் ஆணை எந்தத் திரட்டிலும் வராமல் போனாலும் அது அதே உயர் நீதிமன்றத்தின் ஆணைதான். கரூர் விவசாயியின் வழக்கறிஞர் அதை எடுத்துக் காட்டும்போது, ‘இது திரட்டில் இல்லை’ என்ற ஒரே பதிலால் அவர் வாயை அடைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டும் என்கிற அரசமைப்பின் 141ஆம் உறுப்பு, திரட்டேறியது, ஏறாதது என்று பிரிக்கவில்லை. 2023 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குத் தானே மேற்கோள் எண் தருகிறது. தனியார் திரட்டின் பக்க எண்ணுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வலுவைக் குறிக்கத் தனிச் சொற்கள் வைப்போம். கட்டாயம் பின்பற்ற வேண்டியது ‘கட்டும் நெறி’. எடுத்துப் பார்க்கத் தக்கது ‘காட்டும் நெறி’. ‘காட்டுநெறி’ என்று ஒட்டினால் காடு நினைவுக்கு வரும், ஆகவே பிரித்தே எழுதலாம்.

*

வணக்கம் தம்பி. ‘பதிவாகா’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘ஏறா’ என்றதும் ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பதுதான் காதில் விழுகிறது. தீர்ப்புக்குத் தகுதி போதவில்லை என்ற சாயல் வந்துவிடாதா? ‘திரட்டில் சேராத் தீர்ப்பு’ என்றால் என்ன?
— பொள்ளாச்சியிலிருந்து

*

அக்கா, பொருளில் குறையில்லை. ஆனால் மனுவிலும் தீர்ப்பிலும் பத்து முறை எழுத வேண்டிய சொல் ஒரே சொல்லாக இருப்பது நல்லது. பழமொழியின் சாயல் வருவதை நான் வரவேற்கிறேன். அம்பலம் ஏறாததால் ஏழையின் சொல் பொய்யாகிவிடுவதில்லை. ஏற்றாதது அம்பலத்தின் குறை. மறுப்பு வேறு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். கோபி அண்ணா, முன்சீப் நீதிமன்றத்தில் தமிழில் வாதாடுபவர் நீங்கள். ‘கட்டும் நெறி’ வாயில் எளிதாக வருகிறதா என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.