டெரின்குயுவில் அத்தை உட்கார்ந்துவிட்ட இடம்

தெம்பனிஸ் மருமகள்:
துருக்கியில் கப்படோக்கியா போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் கோரெமே, குகை ஹோட்டல் எல்லாம் விளக்கவில்லை. ஜூன் பள்ளி விடுமுறையில் நான்கு குடும்பமாக 17 பேர் போனோம். அத்தைக்கு 69 வயது. மூன்றாம் நாள் டெரின்குயு, தரைக்கு அடியில் பல தளங்களாகக் குடைந்த அந்தப் பாதாள நகரம். "படிதானே அத்தை, மெதுவா இறங்கிடலாம்" என்று சொல்லிக் கூட்டிப்போனது நான்தான்.

ஓர் இடத்தில் குனிந்தபடியே இறங்கவேண்டும், ஓர் ஆள் போகத்தான் வழி, ஞாபகம் இருக்கிறதா? அங்கே என் பையன் முன்னால் ஓடிவிட்டான். அவனைப் பிடிக்க அத்தை கையை விட்டேன். பத்துப் படி இறங்கித் திரும்பினால், மேலே குந்தி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் சுவரில். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் வேறொரு குழு ஆட்கள் வந்துவிட்டார்கள். என்னால் ஏறவும் முடியவில்லை. யாரோ ஒரு பெண் அத்தை பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன மொழியோ. பத்து நிமிடம் கழித்துத்தான் அத்தை எழுந்தார்.

இப்போது எங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் கதவு மூடும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒன்றும் சொல்வதில்லை.

ஈசூன் 11:
உங்கள் மேல் தப்பே இல்லை சகோதரி. கைடு வாசலிலேயே சொல்லியிருக்கணும். எங்களுக்கும் யாரும் எதுவும் சொல்லல. நாங்க போனது டிசம்பர். வெப்பக்காற்றுப் பலூன்ல பறக்கறதுக்காக மூணு நாளும் விடியற்காலை நாலரைக்கு எழுந்தோம், மூணு நாளும் ரத்து. மூணாவது நாள் அப்பா குல்லா, கையுறை எல்லாம் போட்டு, ஷூ லேஸ் கட்டி, சோபா நுனியில உட்கார்ந்திருந்தார். இன்னிக்கும் இல்லைன்னு சொன்னதும் குனிஞ்சு லேஸை ஒவ்வொரு கண்ணியா அவிழ்த்தார். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்பா"ன்னார். இப்ப அவரால நடக்க முடியாது. காசு திரும்ப வந்துச்சு. அந்த லேஸ்தான் கண்ணுலயே நிக்குது.

உட்லண்ட்ஸ் வாத்தியார்:
ஈசூன் தம்பி, உங்கள் அப்பாவை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் ரத்து செய்ததில் குறை சொல்ல இடமில்லை. காற்றைப் பார்த்து அனுமதி தருவது அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை, பலூன்காரர் இல்லை. டிசம்பரில் போனால் இது நடக்கும் என்று முன்பதிவு செய்யும்போதே உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும், அது வேறு விஷயம்.

எனக்கு உறுத்துவது கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம், பாறையில் குடைந்த தேவாலயங்கள் இருக்கும் இடம். அங்கே 'இருண்ட தேவாலயம்' என்று ஒன்று, தனி டிக்கெட். சின்னச் சன்னல் ஒன்றுதான், வெளிச்சம் படாததால் சுவரோவியங்களின் நிறம் மங்கவில்லை. எங்கள் குழு வாசலோடு திரும்பிவிட்டது, கம்பளக் கடைக்கு நேரமாகிவிட்டதாம். நான் மட்டும் உள்ளே போனேன். அந்த நீலத்தை என்னால் சொல்லிக் காட்ட முடியவில்லை. என் மனைவி வெளியே பஸ்ஸில். இழுத்தாவது கூட்டிவந்திருக்கவேண்டும்.

பிடோக் அக்கா:
மருமகளே, அடுத்த தடவை டெரின்குயு வேண்டாம். ஆழம் சுமார் 85 மீட்டர். நமக்குத் திறந்திருப்பது ஒரு பகுதிதான், அதுவே முட்டியை வாங்கிவிடும். வயதானவர்களை மேல்தளத்தோடு நிறுத்துங்கள். மாட்டுத் தொழுவம், திருகைக்கல் மாதிரி உருட்டி மூடும் கதவு இதையெல்லாம் முதல் ஒன்றிரண்டு தளத்திலேயே பார்த்துவிடலாம். கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஆயிரம் வருஷக் கால் தேய்த்த கல், வழுக்கும். இதயம், மூச்சுப் பிரச்சினை இருந்தால் இறங்கவே கூடாது. அவசியம் பாதாள நகரம் பார்க்கணும் என்றால் கைமாக்லி போங்கள், அது சின்னது. நாங்கள் அங்கேதான் போனோம், ஒரு பிரச்சினையும் இல்லை.

உட்லண்ட்ஸ் வாத்தியார்:
கைமாக்லி சின்னதுதான், ஆனால் சுரங்கவழி இன்னும் தாழ்வு, இன்னும் குறுகல். தயவுசெய்து இதை நம்பி யாரும் பெரியவர்களை அழைத்துப்போகாதீர்கள். வசதிக்காகக் குடைந்த ஊரில்லை இவை. எதிரி வந்தால் ஒவ்வொருவனாகக் குனிந்துதான் வரவேண்டும், அதற்காகவே அப்படிக் குடைந்தார்கள். எர்ஜியஸ் போன்ற எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகிய கல், வெட்டும்போது மெத்தென்றிருக்கும், காற்றுப் பட்டதும் கெட்டியாகும். டெரின்குயுவே 1963இல்தான் மறுபடி வெளியே தெரிந்தது, ஒருவர் தன் வீட்டுச் சுவரை இடித்தபோது.

பிடோக் அக்கா:
நான் என் அனுபவத்தைச் சொன்னேன் ஐயா. என் அம்மா 74 வயதில் குனிந்து வந்தார்.

தெம்பனிஸ் மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. இனி அத்தையைக் குகைக்குக் கூட்டிப்போவதாக இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு அத்தையிடம் முதல்முறையாக அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணு கையில ஆரஞ்சுத் தோல் வாசனை அடிச்சுது. எந்த ஊர்க்காரி அவ?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸுக்கு ஓடினோம். ஜூன் இரண்டாம் வாரம், காலை பத்து மணி இருக்கும், பச்சைத் தொப்பி, தோளில் துணிப் பை. உங்களில் யாராவது அந்தக் குழுவோடு அங்கே இருந்திருந்தால் சொல்லுங்கள்.